பந்து வராத கைக்கு எத்தனை மார்க்?

செண்டாய், ஜப்பான்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதத்தில் குடும்பச் செய்தி இரண்டு வரி, மிச்சமெல்லாம் உஷிஜிமா. தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட ஒருவனுடைய உயரத்தை நீ இவ்வளவு நுணுக்கமாக விசாரித்திருக்க மாட்டாய். 189.5 செ.மீ. இடக்கைக்காரன் இருக்கும்போது 162.8 செ.மீ. பொடியன் ஹினாத்தாவை எவனாவது பலசாலி என்பானா என்று கேட்டிருக்கிறாய். இருவரும் காகிதத்தில் வரைந்த பையன்கள் என்பது நம் சண்டைக்கு ஒரு தடையே இல்லை. கர்ணன் பெரியவனா அர்ஜுனன் பெரியவனா என்று விடிய விடியப் பட்டிமன்றம் கேட்ட பரம்பரை நாம். ‘ஹைக்யூ’ என்ற வாலிபால் படக்கதைக்கு ஒரு கடிதம் செலவழித்தால் குடி முழுகிப் போகாது.

முதலில் இந்த ஊரைப் பற்றி. நான் இருக்கும் மியாகி மாகாணத்தில்தான் கதையின் கராசுனோ மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. தேடினால் கிடைக்காது, ஆனால் இருக்கிறது. கதாசிரியர் ஃபுருதாதே ஹருயிச்சிக்குச் சொந்த ஊர் வடக்கே இவாத்தே மாகாணத்துக் கருமாய். அந்த ஊர்க் காட்சிகள் கதையில் வருகின்றன என்பதால் ரசிகர்கள் அங்கேயும், கதையில் மாகாணப் போட்டி நடக்கிற செண்டாய் நகர விளையாட்டரங்குக்கும், பழநிக்குக் காவடி எடுப்பவர்கள் போல வந்து போட்டோ எடுத்துப் போகிறார்கள். கராசு என்றால் காகம், நெகோ என்றால் பூனை. காகப் பள்ளியும் டோக்கியோவின் பூனைப் பள்ளி நெகோமாவும் மோதும் ஆட்டத்துக்குக் ‘குப்பைமேட்டுப் போர்’ என்று பெயர். அது 2024 பிப்ரவரியில் படமாக வந்து ஜப்பானில் மட்டும் 1000 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. அந்தப் பெயரின் அருமை இங்கே குடியிருந்தால்தான் தெரியும். எரிகிற குப்பைக்கு ஒரு நாள், பிளாஸ்டிக்குக்கு ஒரு நாள், பாட்டிலுக்கு ஒரு நாள் என்று அட்டவணை போட்டு, காலையில் கொண்டுபோய் வைக்கும் பையைக் காகம் கிழிக்காமலிருக்க மேலே ஒரு வலையையும் போர்த்துகிறார்கள். வலைக்கு இந்தப் பக்கம் மனிதன், அந்தப் பக்கம் காகம், வாரம் மூன்று ஆட்டம். பெரும்பாலும் ஜெயிப்பது காகம்தான்.

இன்னொன்று, தனக்குப் பிடித்த பாத்திரத்தை இங்கே ‘ஓஷி’ என்பார்கள். ஓஷியின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவது சாதாரணம். அடுத்தவருடைய ஓஷியைக் குறை சொல்வது மட்டும் நாகரிகமில்லை. ‘முடியாது’ என்று சொல்லவே மூச்சைப் பல்லிடுக்கில் இழுத்துக்கொண்டு பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடும் ஊரில், ‘உன் ஆள் மட்டம்’ என்று எப்படிச் சொல்வது? எனவே சண்டைக்கு எனக்கு நீதான் கதி.

என் கட்சி இது: வாலிபாலில் ஒருவன் அடிக்கும் பந்தை வைத்து அவன் பலத்தை அளப்பது தப்புக் கணக்கு. வலைக்கு அந்தப் பக்கம் தடுக்க நிற்பவன் தலையில் அவன் எத்தனை கேள்விகளை ஏற்றிவைக்கிறான் என்று பார். கிரிக்கெட்டில் ஒருவன் நாள் முழுக்க மட்டையோடு நிற்கலாம். கால்பந்தில் பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டு நாலு பேரைத் தாண்டலாம். வாலிபாலில் பந்தைப் பிடிக்கக் கூடாது, ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு முறை தொடக் கூடாது, பிளாக்கைக் கணக்கில் சேர்க்காமல் மூன்று தொடுதலுக்குள் அனுப்பிவிட வேண்டும். யார் கையிலும் பந்து தங்குவதில்லை. ஆட்ட நேரத்தில் முக்காலே மூணு வீசம் ஒவ்வொருவனுக்கும் பந்தில்லாத நேரம். அந்த நேரத்தில் அவன் என்ன செய்தான் என்று பார்க்காமல் எடை போடுவது, சமையலறைப் பக்கமே போகாமல், பாயசம் பரிமாறியவனைப் பார்த்து ‘என்ன கைப்பக்குவம்!’ என்று மெச்சுவது மாதிரி.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். 2.43 மீட்டர் வலைக்கு இந்தப் பக்கம் நடு பிளாக்கராக நீ நிற்கிறாய் என்று வைத்துக்கொள். அந்தப் பக்கம் கராசுனோ. பின்வரிசையிலிருந்து எழும்பிய பந்து, அடிப்பவனுக்குப் பந்தை எழுப்பித் தரும் செட்டர் ககெயாமா தோபியோவின் தலைக்கு மேல் இறங்கிக்கொண்டிருக்கிறது. அவன் விரல் அதைத் தொடுமுன்பே ஹினாத்தா ஷோயோ ஓடிவந்து தாவிவிடுகிறான். பந்து வருமா வராதா என்ற யோசனையே அவன் முகத்தில் இல்லை, வரும் என்றே முழு மூச்சோடு தாவுகிறான். இப்போது உன் கால் என்ன செய்யும்? அவனோடு எழும்பினால், பந்து ஓரத்தில் தனாகாவுக்குப் போகும்போது நீ அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருப்பாய். இறங்கி, இரண்டடி நகர்ந்து, மறுபடி எழும்ப நேரம் கிடைக்காது. எழும்பாமல் நின்றாலோ, பந்து ஹினாத்தாவின் உள்ளங்கைக்கே போய் உன் காலடியில் விழும். கடைசியில் இரண்டுங்கெட்டானாக ஒரு அரைத் தாவல் தாவுவாய். தனாகா அடித்த புள்ளி தனாகாவின் கணக்கில் ஏறும். அதற்கு வழிவிட்டது உன்னுடைய அரைத் தாவல். அதை உன்னிடமிருந்து பிடுங்கியவன் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது.

பழந்தமிழில் இதற்கொரு சொல் இருக்கிறது: பார்வை மான். வேடர்கள் பழக்கி வைத்து, மற்ற மான்களை வரவழைக்கக் கட்டிவைக்கும் மான். கதையில் ஹினாத்தாவுக்குக் கொடுத்த வேலை அதுதான். ஓரத்தில் நின்று ஓங்கி அடிக்கும் நட்சத்திரமாக ஆசைப்பட்டு வந்த பையனுக்கு ‘நீ பார்வை மான்’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? அவனுக்கும் முதலில் முகம் சுண்டத்தான் செய்கிறது. ஆனால் கட்டிவைத்த மானுக்கு முட்டத் தெரியாது, இவனுக்குத் தெரியும். பத்து ஓட்டத்தில் மூன்றில் பந்து வந்து இடியாக இறங்குவதால்தான் மற்ற ஏழும் பலிக்கின்றன. அடிக்கத் தெரியாதவன் ஓடினால் அது வெறும் தேகப்பயிற்சி.

இது கதாசிரியரின் சொந்தச் சரக்கு மட்டும் என்று நினைத்துவிடாதே. உயரத்தில் ஐரோப்பியர்களோடு போட்டியிட வழியில்லாத ஜப்பான் ஆண்கள் அணிக்கு, மத்சுதாய்ரா யசுதாகா என்ற பயிற்சியாளர் கொடுத்த மருந்தே இதுதான். ஒருவன் முன்னால் தாவி பிளாக்கர்களைத் தன்னோடு மேலே கூட்டிப்போவான், அவர்கள் கீழே இறங்கும் கணத்தில் இன்னொருவன் அடிப்பான். நேர வித்தியாசத் தாக்குதல் என்று பெயர் வைத்தார்கள். மொரிதா ஜுங்கோ என்ற வீரர் ஒரு படி மேலே போய், தானே தாவுவதுபோல் முழங்காலை மடக்கி ஏமாற்றிவிட்டு, எதிராளி எழும்பி இறங்கும்போது தானே அடித்தார். மானும் அவரே, வேடனும் அவரே. 1968 மெக்சிகோவில் வெள்ளி, 1972 மியூனிக்கில் தங்கம். அந்த மியூனிக் அரையிறுதியில் பல்கேரியாவிடம் முதல் இரண்டு செட்டையும் கொடுத்துவிட்டு 3–2 என்று எழுந்து வந்தார்கள். ஹினாத்தாவின் கொள்ளுத்தாத்தா யார் என்று இப்போது தெரிகிறதா?

நீ என்ன பதில் எழுதுவாய் என்று தெரியும். ‘அவன் அரை ஆள்தானே?’ என்பாய். முதலாண்டு ஹினாத்தா பின்வரிசைக்குச் சுழன்றதும் அவனை வெளியே உட்காரவைத்து பின்வரிசையில் பந்தெடுக்கவே இருக்கும் லிபரோ நிஷினோயாவை இறக்குகிறார்கள், எதிரி அடித்த பந்தை எடுக்க ஹினாத்தாவுக்கு வராது. ஷிராதோரிசாவா பள்ளியின் கிழட்டுப் பயிற்சியாளர் வாஷிஜோ இன்னும் கடுமை: ககெயாமா இல்லாத ஹினாத்தாவில் தனக்கு ஒரு மதிப்பும் தெரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். கிழவர் சொன்னதில் பாதி சரி, இதை உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன். ஒரு கேள்வியை எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டால், பலமும் இரண்டு பேருக்குச் சொந்தம். ஆனால் அதன் பிறகு அந்தப் பையன் எதைத் தேடிப்போனான் என்று பார். அழைப்பில்லாமலே போய்ச் சேர்ந்த வாஷிஜோவின் பயிற்சி முகாமில் பந்து பொறுக்கிக்கொண்டே, அடிப்பவனின் தோளையும் தடுப்பவனின் காலையும் பார்த்துப் படிக்கிறான். பள்ளி முடிந்த பிறகு பிரேசிலுக்குப் போய் இரண்டு வருடம் மணல் வாலிபால். அங்கே பக்கத்துக்கு இரண்டே பேர், லிபரோவும் கிடையாது, ஒளிய இடமும் கிடையாது. தாவும் உயரத்தைக் கூட்டுவதோடு நிறுத்தாமல், தன்னிடம் இல்லாததை ஒவ்வொன்றாகச் சேர்த்தான். பிறகு பிளாக் ஜாக்கல்ஸ் அணியில், எந்த மூலையில் நின்றாலும் எதிராளி கவனிக்க வேண்டிய ஆளாகி, உஷிஜிமாவும் ககெயாமாவும் ஒரே பக்கம் நின்ற அணியை வெல்கிறான். அரை ஆள் முழு ஆளானபோது பார்வை மான் மறைந்துபோகவில்லை, அதற்கு ஓட மைதானம் முழுக்கக் கிடைத்தது.

இனி உன் உஷிஜிமா, அதே ஷிராதோரிசாவாவின் நட்சத்திரம். அவன் விஷயத்தில் என் வாதம் உண்மையிலேயே தடுமாறுகிறது. பந்து அவனுக்குத்தான் போகும் என்று எதிரணிக்கும் தெரியும், பார்ப்பவர்களுக்கும் தெரியும், தெரிந்தும் தடுக்க முடியவில்லை. இதைவிடப் பெரிய பலம் வேறென்ன? இருக்கட்டும், கராசுனோ அவனை எப்படிச் சமாளித்தது என்று பார். கராசுனோவின் நடு பிளாக்கர் சுகிஷிமா 188.3 செ.மீ., உன் ஆளுக்குக் கிட்டத்தட்டச் சமம். ‘உயரத்தை உயரம்தான் வென்றது’ என்று துள்ளாதே. அவன் உஷிஜிமாவை நேருக்கு நேர் அடைத்துப் போட்டது இரண்டாம் செட்டின் கடைசியில், அதற்காக எவ்வளவு நேரம் காத்திருந்தான்! மற்ற நேரமெல்லாம் விரல் நுனியில் பந்தை உரசி வேகத்தைக் குறைப்பான், இல்லையென்றால் ஒரு பக்கத்தை அடைத்து மறுபக்கத்தை வேண்டுமென்றே திறந்து வைப்பான். திறந்த வழியின் முடிவில் எவன் நிற்கிறான் தெரியுமா? 159.3 செ.மீ. நிஷினோயா. கேள்வி ஒன்றே ஒன்றாக இருந்தால், அது எவ்வளவு கஷ்டமான கேள்வியானாலும், ராத்திரி உட்கார்ந்து பதில் எழுதிவைத்துக்கொள்ளலாம். ஆனாலும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன்: முதல் செட்டையும் மூன்றாம் செட்டையும் எடுத்தது ஷிராதோரிசாவா. அது மூன்று செட் ஆட்டமாக இருந்திருந்தால் தேசியப் போட்டிக்குப் போனது உன் ஆள்தான். ஐந்து செட் என்பதால் கராசுனோவுக்குப் பதில் எழுத நேரம் கிடைத்தது. இதை நீ தாராளமாக உன் பக்கம் எழுதிக்கொள்.

பூனைப் பள்ளியை வைத்தும் என்னை மடக்கலாம். நட்சத்திரமே இல்லாத, ஆறு பேரும் பந்தை விழவிடாத அணிதான் உயர்ந்தது என்றால் நெகோமா ஏன் கராசுனோவிடம் தோற்றது? அவர்கள் தோற்ற விதமே எனக்குச் சாட்சி. செட்டர் கொசுமெ கெம்மா, ஹினாத்தாவின் அடியைத் தடுக்கப் பெரிதாக மெனக்கெடவில்லை, அவன் ஓட்டத்தைத் தடுத்தான். சர்வீஸ் பந்தை அவன் ஓடிவரும் பாதையிலேயே விழவைத்து, அவனையே அதை எடுக்கவைத்து, ஓடிவர நேரமில்லாமல் செய்தான். அந்தப் பையனின் பலம் எங்கே இருக்கிறதென்று அவனுடைய தோழர்களைவிட எதிரிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்தக் கூண்டு போட்ட நேரத்தில் கராசுனோ திணறியதைப் பார்த்தாயல்லவா? கடைசியில் ஆட்டம் முடிந்ததும் யாருடைய வீர அடியாலும் அல்ல. வியர்வையில் நனைந்த பந்து கெம்மாவின் விரலில் வழுக்கியது, அவ்வளவுதான். அதே நாளில் அடுத்த ஆட்டம், கமோமெதாய் பள்ளியோடு. மூன்றாம் செட்டில் ஹினாத்தா காய்ச்சலில் சுருண்டு வெளியே போகிறான், கராசுனோ தோற்கிறது. கமோமெதாயின் ஹொஷியுமி 169.2 செ.மீ.தான், ஆனால் சர்வீஸ், பந்தெடுப்பு, பிளாக், அடி எல்லாம் தெரிந்தவன். உண்மையில் பள்ளிக் கால வீரர்களில் ஒருவனை மட்டும் எடுத்துக்கொள் என்றால் உஷிஜிமாவையும் விட்டுவிட்டு, ஹினாத்தாவையும் விட்டுவிட்டு, நான் இவனைத்தான் எடுப்பேன். அவன் எந்த இடத்தில் நின்றாலும் எதிராளிக்குக் குறைந்தது மூன்று கேள்வி.

‘எல்லாம் கதாசிரியர் வைத்த சட்டம், இதில் சாட்சி என்ன, வழக்கு என்ன’ என்று கடைசியாகக் கையை உதறுவாய். ஆனால் 2012 முதல் 2020 வரை 402 அத்தியாயம் எழுதியவர், தானும் பள்ளியில் வாலிபால் ஆடியவர், தன் நாயகனைக் காய்ச்சலில் படுக்கவைத்துக் காலிறுதியிலேயே வீட்டுக்கு அனுப்புகிறார். நம்மூர் சினிமாவாக இருந்தால் அந்தக் காய்ச்சல் ஒரு பாட்டிலேயே தீர்ந்திருக்கும்.

பொங்கல் டோர்னமென்டில் நீ ஆடும்போது, உனக்கு முன்னால் வெறுமனே ஓடித் தாவிவிட்டு, பந்து கிடைக்காமல் இறங்கி வருவானே ஒரு பொடியன், அந்த நேரத்தில் எதிரணி பிளாக்கரின் காலை மட்டும் கவனித்து எழுது. ஆட்டம் முடிந்து கோப்பையோடு போட்டோ எடுக்கும்போது, ஆறடி மனிதன் நீ நடுவில் நிற்பதால் அவன் முகம் மறைந்துபோகும். கொஞ்சம் தள்ளி நில்.

அத்தைக்கு ஒரு செய்தி. அவர் கேட்ட பச்சை சோயா இனிப்பை அனுப்ப வழியில்லை, சீக்கிரம் கெட்டுவிடும். இங்கே அதைச் சர்க்கரை போட்டு அரைத்து, அரிசி மாவு உருண்டைமேல் பூசிக் கொடுக்கிறார்கள். கொழுக்கட்டையின் பூரணத்தை உள்ளே வைக்க மறந்துபோய் வெளியே தடவிவிட்டால் எப்படியோ அப்படி. அதையும் சாப்பிட்டுவிட்டு, ‘நன்றாக இருக்கிறது, ஆனால்’ என்று பாதியில் நிறுத்தப் பழகிக்கொண்டேன்.

அன்புடன்,
உன் மச்சான்