அப்பளம் என்ன கலர்?

தாத்தா காலத்திலிருந்து எங்களுக்கு அப்பளத் தொழில். உளுந்து விலை ஏறியிருக்கிறது, மழை பெய்து காய வைத்த அப்பளமெல்லாம் கூழாகியிருக்கிறது. அப்போதெல்லாம் கூடக் குடும்பத்துக்குள் பெரிய சண்டை வந்ததில்லை. வெப்சைட்டுக்குக் கலர் தேர்ந்தெடுக்க உட்கார்ந்த அன்றுதான் வந்தது.

சைட் செய்ய வந்த தம்பி, "என்ன கலர் வேணும்ணே?" என்று கேட்டான். மதுரையில் இந்தக் கேள்வியைப் பெயிண்டர்தான் கேட்பார். அவர் கையில் கலர் அட்டை இருக்கும். நாமும் எல்லாக் கட்டத்தையும் தடவிப் பார்த்துவிட்டு, வழக்கம்போல் க்ரீம் கலரைக் காட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போகலாம். தம்பியிடம் அட்டை இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஆளுக்கு 256 படியாக வைத்துக் கலந்தால் 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் நிறம் கிடைக்கும் என்றான்.

"அவ்வளவு வேணாம் தம்பி, ரெண்டு போதும்" என்றார் அப்பா.

அந்த இரண்டுக்கு மூன்று வாரம் ஆனது. சிரிக்காதீர்கள். ஒரு லிங்க்கின் நீலத்தை முடிவு செய்ய 41 வகை நீலத்தை வைத்துச் சோதித்துப் பார்த்த கம்பெனி கூகுள். இத்தனைக்கும் அங்கே என் சித்தப்பா கிடையாது.

முதலில் வெள்ளை போட்டுப் பார்த்தோம். சுத்தமாக இருக்கும் என்று நான்தான் சொன்னேன். பக்கமும் வெள்ளை, அப்பளமும் வெள்ளை. மிளகு அப்பளத்தின் படத்தில் மிளகு மட்டும் அந்தரத்தில் மிதந்தது.

தம்பி கறுப்பும் சிவப்புமாக ஒன்று செய்து காட்டினான். பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது. அப்பா உடனே எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நம்ம அப்பளம் எல்லாக் கட்சிக்காரன் பந்தியிலயும் விழுகுது தம்பி. வேற காட்டு." பச்சை என்றால் இரட்டை இலை ஞாபகம் வந்தது. காவி, நீலம், வெறும் சிவப்பு எல்லாவற்றுக்கும் ஒரு கொடிக்கம்பம் இருந்தது. கோடிக்கணக்கான நிறங்களை வைத்துக்கொண்டு, ஒதுங்க ஓரடி இடமில்லாமல் நின்றோம்.

அத்தைதான் வழி சொன்னாள். "மஞ்சளும் குங்குமமும் போடுங்கடா. மங்களகரமா இருக்கும். யாரு கேக்கப்போறா?" இது 2024 ஆகஸ்டில், முதல் வாரம். அந்த மாதம் 22-ம் தேதி விஜய் தன் கட்சிக் கொடியை ஏற்றினார். மேலேயும் கீழேயும் சிவப்பு, நடுவில் மஞ்சள். அத்தை டி.வி.யை வெறித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நம்ம வீட்டுல பேசினது எப்படிடா வெளிய போச்சு?"

கட்சியை விடுங்கள், சித்தப்பாவுக்கு மஞ்சளே ஆகாது. ஊரில் யாராவது கடனில் மூழ்கினால் மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டான் என்றுதானே சொல்கிறோம்? "தொழிலுக்கு மொதல் மொதலா சைட்டு போடுறீங்க, அதையும் மஞ்சள்ல போட்டு ஊருக்குக் காட்டணுமா?" என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

தம்பி தரப்பில் வேறு சட்டம். எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச விகிதம் குறைந்தது 4.5 இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் கண் மங்கியவர்களுக்குப் படிக்கச் சிரமமாம். வெள்ளையில் மஞ்சள் எழுத்துக்கு 1.07. மஞ்சளில் சிவப்புக்கு 3.7. மஞ்சளில் கறுப்புக்கு 19-க்கு மேல். அதாவது, மஞ்சள் குங்குமம் ஃபெயில். வாடகைக் கார் நம்பர் பிளேட் டிஸ்டிங்ஷன்.

சரி, கலரின் பெயரையாவது சொல்லுங்கள், போட்டுக் காட்டுகிறேன் என்றான். அத்தைக்குக் கலர் பெயரா பஞ்சம்? மயில்கழுத்து, வாடாமல்லி, வெங்காயத் தோல், மாந்துளிர், கத்திரிப்பூ என்று அடுக்கினாள். எம்.எஸ். ப்ளூ என்றாள். மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரத்தில் நெய்த அந்த நீலத்தைச் சொன்னால் ஜவுளிக்கடைப் பையன் திரும்பிப் பார்க்காமலே எடுத்துப் போடுவான். கம்ப்யூட்டரின் பெயர்ப் பட்டியலில் தக்காளி இருக்கிறது, சாக்லெட் இருக்கிறது, பப்பாளி கூட இருக்கிறது. எம்.எஸ். இல்லை. அந்தப் பட்டியலில் 'டார்க் கிரே' என்ற நிறம் வெறும் 'கிரே'யை விட வெளுப்பாக இருக்கும் என்பதையும் தம்பியே ஒப்புக்கொண்டான். இப்படிப்பட்ட பட்டியலை வைத்துக்கொண்டா எங்களைக் குழப்பவாதி என்கிறான்?

கடைசியில் அப்பா அடுப்படிக்குப் போய் ஒரு அப்பளத்தைப் பொரித்துத் தட்டில் கொண்டுவந்து வைத்தார். "விக்கிறது இது. இதுல இருக்குற கலரை எடு." தம்பி போட்டோ எடுத்து, அப்பளத்தின் நடுவில் ஒரு புள்ளியைத் தொட்டு அந்த நிறத்தைப் பின்னணிக்கு வைத்தான். அப்பாவுக்குப் பொரிக்கத் தெரியாது; ஓரம் கருகியிருந்தது. அந்தக் கருகலை எழுத்துக்கு எடுத்தான். விகிதம் 9. தம்பி பாஸ் போட்டான், அத்தை கூட ஒத்துக்கொண்டாள். அப்பளத்தை நான் தின்றேன்.

மறுநாள் காலையில் சித்தப்பா போன் செய்தார். "மஞ்சள் வேணாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

நேரில் போய் அவர் போனை வாங்கிப் பார்த்தேன். மஞ்சள்தான். சைட் மட்டுமில்லை, வாட்ஸ்அப் மஞ்சள், காலண்டர் மஞ்சள், பேரன் போட்டோவில் அவன் போட்டிருந்த வெள்ளைச் சட்டையும் மஞ்சள். ராத்திரி கண் கூசுகிறதென்று மகள் எப்போதோ போட்டுக் கொடுத்த 'நைட் லைட்', பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. மூன்று வாரம் நாங்கள் அனுப்பிய அத்தனை டிசைனையும் மனிதர் அந்த வெளிச்சத்தில்தான் பார்த்து வேண்டாம் என்றிருக்கிறார். அணைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "இது என்னடா, செத்த வெளிச்சமா இருக்கு, பழையபடியே போடு" என்றார்.

போட்டுக் கொடுத்துவிட்டேன். எங்கள் சைட்டைப் பார்க்கிறவர்கள் மட்டும் தயவுசெய்து முதலில் நைட் லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் மஞ்சளாகத் தெரிந்தால் என்னிடம் சொல்லுங்கள், சித்தப்பாவிடம் வேண்டாம்.