லட்சுமி ரோட்டில் எள் விழுமா? – துகள் நெரிசலியலில் ஒரு கள ஆய்வு

ஆய்வு நோக்கம்: கூழில் மிதக்கும் துகள்கள் எந்தக் கட்டத்தில் ஓட்டத்தை விட்டு இறுகிப்போகின்றன என்பதை அறிஞர்கள் குடுவைகளில் தேடிவருகின்றனர். குடுவை எதற்கு? விநாயகர் சிலைகளைக் கரைக்கும் அனந்த சதுர்த்தசியன்று புனே லட்சுமி ரோட்டுக்கு வந்தால் போதும்.

கோட்பாடு: ஒரே அளவு உருண்டைகளைத் தாறுமாறாகக் கொட்டிக் குலுக்கினால், இடத்தில் ஏறத்தாழ 64 விழுக்காடு நிரம்பியதும் இறுகிவிடும். அந்த வரம்பை நெருங்க நெருங்க, ஒரு துகள் நகர ஊரே நகர வேண்டும்.

அளவீட்டு முறை: இவ்வரம்பைத் தமிழர் எள்ளால் அளப்பர். மாடியிலிருந்து போட்ட எள் தரையைத் தொட்டால் திரவம். யார் தலையிலாவது தங்கினால் திண்மம்.

கண்டவை:

1. திலகர் 1890களில் பொதுவிழாவாக வளர்த்த கணேசோற்சவத்தின் சிலை கரைப்பு ஊர்வலம் மண்டயி சந்தையருகே தொடங்கும். கஸ்பா, தாம்படி ஜோகேஸ்வரி, குருஜி தாலிம், துளசிபாக், கேசரிவாடா என்று மரியாதைக்குரிய ஐந்து கணபதிகள் வரிசை மாறாமல் முன்னே செல்வர். அங்கிருந்து ஊர்வலம் முடியும் அல்கா சௌக் என்னும் நாற்சந்தி வரை மற்ற நாளில் அரை மணி நேர நடை. அன்றோ, கடைசி விழாக் குழுவும் போய்ச் சேர்வதற்குள் மறுநாள் பிறந்துவிடும்.

2. பெல்பாக் சௌக்கில் ஒருவர் கழன்ற செருப்பைத் தேடிக் குனிந்தால், பின்னால் வெகுதூரத்தில் நிற்பவர் காரணம் தெரியாமல் முன்னவர் முதுகில் மோதுகிறார். வரம்பருகே சிறு அசைவும் நெடுந்தூரம் பரவும் என்ற கொள்கை இங்கே செருப்பால் நிறுவப்படுகிறது.

3. வைப்ரேட்டர் வைத்தால் கெட்டிக் கான்கிரீட்டும் இளகி ஓடும். டோல்-தாஷா மேளங்களின் அதிர்வு அதற்குக் குறைந்ததல்ல. ஆகவே ஊர்வலம் ஆற்றை நோக்கி வழிந்தோட வேண்டும். மாறாக, சௌக்குக்குச் சௌக் உறைகிறது.

விவாதம்: மூன்றாவதில் கண்ட முரணே இவ்வாய்வின் சாரம். குடுவைத் துகள் இடமில்லாமல் நிற்கிறது. டோல் குழுவுக்கோ தொண்டர்கள் கயிறு பிடித்து இடம் ஒதுக்கித் தருகிறார்கள், முன்னே சாலை காலி, அப்படியும் நகர்வதில்லை. பார்க்க ஆளிருக்கும் சௌக்கில் வாசித்துத் தீர்க்காமல் எப்படிப் போவது? அடர்த்தி, தகைவு, வெப்பநிலை என்னும் மூன்று மாறிகளோடு நின்றுவிட்ட இயற்பியல், ‘ஆசை’ என்ற நான்காவதைக் கணக்கில் எடுக்கவில்லை.

பரிந்துரை: சாலையை அகலப்படுத்துவது வீண்செலவு. கூடும் அகலத்தில் இன்னும் இரண்டு வரிசை டோல் நிற்கும்.