பெரியப்பாவின் சுரைக்காய்ச் சம்பந்தம்

நங்கநல்லூர்க் கடைத்தெருவில் சுரைக்காய்க்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. இருந்தும் அதை மொட்டைமாடியில் வளர்த்தே தீரவேண்டும் என்று பெரியப்பாவுக்கு எப்படித் தோன்றியது என்பது பெரியம்மாவுக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆரம்பம் அடக்கமாகத்தான் இருந்தது. புதினாவும் கொத்தமல்லியும். புதினா யாரையும் படுத்தாது. இலையை ஆய்ந்தபின் மிஞ்சும் தண்டை ஈரமண்ணில் செருகினால் வேர்விட்டுவிடும். கொத்தமல்லி அப்படியல்ல. நாம் விதை என்று நினைக்கிற உருண்டைக்குள் விதைகள் இரண்டு. லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். பெரியப்பா தேய்த்தது சாம்பார்ப்பொடிக்காக எடுத்துவைத்திருந்த மல்லியை. அதுவும் சித்திரையில். வெயில் ஏறினால் கொத்தமல்லிக்கு இலை விடுவதில் நாட்டம் போய்விடும், அவசரமாகப் பூத்துவிடும். துவையலுக்கு ஆகவில்லை.

அடுத்து, தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தொகுப்பு வந்து இறங்கியது. பைகள், விதைகள், தேங்காய் நார்க்கழிவுக் கட்டிகள், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா. கடைசி இரண்டையும் பெரியம்மா மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அசோஸ்பைரில்லம் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வேருக்குக் கொடுக்கும், பாஸ்போபாக்டீரியா மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தரும் என்று பெரியப்பா விளக்கினார்.

“இந்த வீட்டுல சொல்லாமலே வேலை செய்யறது அது ரெண்டுதான்” என்றார் பெரியம்மா.

வெறும் மண்ணையே நிரப்பினால் என்ன என்று கேட்ட மேஸ்திரிதான், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றும் சொன்னார். ஓரடி அகலம், ஓரடி உயரப் பையில் ஈரமண் இருந்தால் 35 கிலோவுக்குக் குறையாது. அப்படி முப்பது பை வைத்தால் ஒரு டன்னுக்கு மேல் தலைக்குமேல் உட்கார்ந்திருக்கும். எனவே நார்க்கழிவு. 5 கிலோ கட்டி ஒன்று தண்ணீர் குடித்தால் 70 லிட்டர் அளவுக்கு உப்பும் என்று உறையிலேயே அச்சிட்டிருந்தது. பெரியப்பா அதைக் குளியலறை வாளியில் ஊறவைத்துவிட்டுத் தூங்கப் போனார். காலையில் வாளி கண்ணில் படவில்லை.

சுரைக்கொடி என்னவோ பந்தலில் ஜோராக ஏறியது. நிறையப் பூத்தது. ஒன்றுகூடக் காய்க்கவில்லை. காரணம், எல்லாமே ஆண் பூ. சுரையில் ஆணும் பெண்ணும் தனித்தனிப் பூக்கள். முதலில் வருவது பெரும்பாலும் ஆண்தான். பெண் பூவின் அடியில் விரற்கடை அளவில் ஒரு குட்டிச் சுரைக்காய் இருக்கும். பெண் பூ கிளைகளில்தான் அதிகம் வரும் என்பதால் நுனியைக் கிள்ளி, கிளையிலிருந்து கிளை பிரிய வைப்பார்கள். மாடித்தோட்டக்காரர்கள் மத்தியில் இதற்கு ‘3ஜி கட்டிங்’ என்று பெயர். பெரியப்பா மாடியிலிருந்து, “3ஜி கட் பண்ணிட்டேன்!” என்று கத்தியதும் கீழ்வீட்டுப் பையன் தன் போனை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தான்.

பெண் பூ வந்தது. சிக்கலும் அப்போதுதான் ஆரம்பித்தது. சுரைப்பூ அந்தியில் விரிந்து மறுநாள் வாடிவிடும். மகரந்தத்தைச் சுமந்து போவது அந்துப்பூச்சிகளின் வேலை; நங்கநல்லூர் அந்துப்பூச்சிகளோ தெருவிளக்கை விட்டு நகர்வதாக இல்லை. ஆகவே பெரியப்பா கல்யாணத் தரகர் ஆனார். ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் சூல்முடியில் தடவ வேண்டும். இருட்டில் டார்ச்சும் கையுமாக அவர் பந்தலுக்குள் குனிந்து கிடந்தபோது எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது.

“யாருங்க மாடியில?”

“நான்தான் சார். முகூர்த்தம் தவறிடும், அப்புறம் பேசறேன்.”

அதிலிருந்து அவர் மாலை நேர விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டார். “காலையில தாலிகட்டுக்கு வந்துடறேன், ரிசப்ஷனுக்கு முடியாது. எங்க மாடியிலயும் சம்பந்தம் இருக்கு” என்று சொன்னதில், பெரியப்பாவுக்கு ஒளித்து வைத்த பெண் ஒருத்தி இருப்பதாக உறவில் ஒரு பேச்சு கிளம்பி அடங்கியது.

இடையில் மீன் அமிலம் விவகாரம். மீன் கழிவும் வெல்லமும் சம எடை சேர்த்து, காற்றுப் புகாமல் மூடி, மூன்று வாரத்துக்குமேல் ஊறவைத்தால் அருமையான வளர்ச்சி ஊக்கி. பக்குவம் சரியாக இருந்தால் பழவாசனை வரும் என்பார்கள். முட்டைகூட வாசற்படி ஏறாத வீட்டில், ‘கஷாயம்’ என்று சீட்டு ஒட்டிய ஜாடியைப் பெரியம்மா நம்பிக்கையோடு திறந்தார். பழவாசனை வருவதற்கு இன்னும் நாள் இருந்தது. ஜாடியும் பெரியப்பாவும் அன்றிரவு மாடியில் தங்கினார்கள்.

ஒருவழியாக ஒரு காய் பிடித்தது. நகத்தால் அழுத்தினால் தோலில் இறங்கும் பருவத்தில் பறித்தால்தான் கூட்டுக்கு ருசி. பெரியம்மா கத்தியோடு வந்தார். தான் முன்னின்று நடத்திவைத்த கல்யாணத்தின் வாரிசை வெட்டப் பெரியப்பாவுக்கு மனம் வரவில்லை. “விதைக்கு விடறேன்” என்றார். காய் கொடியிலேயே முற்றி, காய்ந்து, தட்டினால் கடகடத்தது. கூட்டுக்குச் சுரைக்காய் கடையிலிருந்து வந்தது.

விதைகளைப் பொட்டலம் கட்டி, ரிசப்ஷனுக்குப் போகாத வீடுகளுக்கெல்லாம் மொய்யாக அனுப்பினார். அவற்றில் ஒரு வீட்டிலிருந்து மாப்பிள்ளையே போன் செய்தார்.

“பூவா பூத்துக் கொட்டுது, ஒரு காய்கூட இல்லையே மாமா?”

“டார்ச் இருக்கா?” என்று கேட்டார் பெரியப்பா.