மாப்ள கையில ஸ்பேனர்

ஏண்டா மாப்ள, வண்டி வாங்குனது ரொம்பச் சந்தோசம். ஊரே பாத்துச்சு. கோயமுத்தூர்–திருச்சி ரோட்டுல இருந்து நம்ம இட்டேரிக்குள்ள அது திரும்புனப்ப, சொசைட்டிக்குப் பாலு ஊத்தப் போன சனமெல்லாம் கேனைக் கீழ வெச்சுட்டு நின்னுருச்சு. தலைக்கு மேல கண்ணாடிக் கதவு, சீட்டெல்லாம் தோலு. திருப்பூர் எக்ஸ்போர்ட்காரர் ஒருத்தர் ஓட்டுனது, புது வண்டி விலையில பத்துல ஒரு பங்குக்குக் கெடச்சதுன்னு உங்கப்பன்கிட்டப் பெருமை அடிச்சயாமா. மிச்சம் ஒம்பது பங்கு எங்க போச்சுன்னு நீயும் கேக்கல, அவுரும் சொல்லல. அது எங்கயும் போகல கண்ணு. அந்த வண்டிக்குள்ளயேதான் இருக்குது. ஒவ்வொண்ணா வெளிய வரும்.

2025 ஆகஸ்ட்டுல அமெரிக்காக்காரன் நம்ம சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டான் பாரு, ஆர்டர் நின்னுபோன வீட்டுல மொதல்ல வெளிய போறது எது? போர்ட்டிகோவுல நிக்கற ரெண்டாவது காருதான். விக்கறவரு அவசரத்துல வித்தாரு, நீ அதைவிட அவசரத்துல வாங்குன. கண்ணபுரம் சந்தையில காளை புடிக்கப் போனா பல்லைப் பாப்போம், சுழி பாப்போம், நாலு எட்டு நடக்க உட்டுப் பாப்போம். நீ மூஞ்சியில இருந்த சின்னத்தை மட்டும் பாத்துட்டு அட்வான்ஸ் குடுத்துட்ட. அது என்ன சின்னம்னு நான் சொல்லப்போறதில்ல. வண்டி பொறந்து பதினஞ்சு வருசம் கழிச்சு ஒருத்தன் கையில ஸ்பேனரோட வருவான்னு அந்தக் கம்பெனிக்காரன் கனவா கண்டான்?

ஆர்.சி. புத்தகத்தையாவது பிரிச்சுப் பாத்தியா? வண்டி முழுசாக் கப்பல்ல வந்து எறங்குனதா, இங்க பூட்டுனதான்னு பாரு. 2022 ஏப்ரல்ல இருந்து பதினஞ்சு வருசம் முடிஞ்ச காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 5,000 ரூவா. அதே கப்பல்ல வந்த காருன்னா 40,000. 2025 ஆகஸ்ட்டுல இன்னொரு உத்தரவு போட்டு, இருவது வருசம் தாண்டுன கப்பல் காருக்கு அதை 80,000 ஆக்கிட்டாங்க. ஸ்பேனர் செட்டுக்கு ஒதுக்குன காசுல இதுக்குக் கொஞ்சம் எடுத்து வை.

ஸ்பேனர் செட்டுன்னதும் ஞாபகம் வருது. சர்வீஸ் சென்டர்ல எஸ்டிமேட் கேட்ட அன்னைக்குச் சாயங்காலமே நீ டூல்ஸ் கடைக்குப் போயிட்டயாமா. உங்கம்மா கேட்டதுக்கு, "ஜி.டி. நாயுடு யாருகிட்டம்மா படிச்சாரு?"ன்னு எதிர்க்கேள்வி போட்டியாமா. வாஸ்தவம்தான். சூலூருக்குப் பக்கத்துல கலங்கல்ல பொறந்தவரு, நமக்கு எட்டுற தூரம். கோயமுத்தூர்ல ஓட்டல் வேலை செஞ்சு காசு சேத்து, வெள்ளைக்காரன் வெச்சிருந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தே மெக்கானிக் ஆனாரு. 1920-ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ்ஸு உட்டாரு. எல்லாம் சரி. ஆனா அவரு பிரிச்சதைத் திரும்பப் பூட்டவும் செஞ்சாருங்கறதை நீ கவனிக்கோணும். உங்கம்மா அட்டாலியில ஒரு டப்பா இருக்குது, "மாப்ள வண்டியில மிஞ்சுன நட்டு"ன்னு. அதுல வேற எதுவும் சேராம பாத்துக்க.

சேரி, உனக்கு வேலை சொல்றேன். மொதல்ல பேட்டரி. டேஷ்போர்டுல ஒரே நேரத்துல ஏழெட்டு லைட்டு எரியுதுன்னு கொலைநடுங்கிட்டு நின்னியே, அத்தனை பார்ட்டும் ஒரே ராத்திரியிலயா கூடிப்பேசிச் சாகும்? ராத்திரி முழுக்க நின்ன வண்டியில காலையில மல்டிமீட்டர் வெச்சுப் பாரு. 12.6 வோல்ட்டு இருந்தா பேட்டரி நெறஞ்சிருக்குது. 12.2-ன்னா பாதிதான். என்ஜின் ஓடறப்ப 13.8-ல இருந்து 14.5 வரைக்கும் காட்டோணும். இந்த மாதிரி வண்டியில கம்ப்யூட்டர் பெட்டியே ஊருப்பட்டது இருக்குது, வோல்ட்டேஜ் எறங்குனா ஒவ்வொண்ணும் அடுத்ததைக் குத்தம் சொல்லும்.

பேட்டரி புதுசு, அப்பவும் காலையில எறங்குதுன்னா, கதவெல்லாம் சாத்திப் பூட்டிட்டு அரை மணி நேரம் அக்கட்டால போயிரு. அந்தப் பெட்டிக எல்லாம் தூங்கோணும். தூங்குனதுக்கப்பறம் 50 மில்லி ஆம்பியருக்கு மேல கரண்டு போகுதுன்னா எவனோ ஒருத்தன் முழிச்சுட்டிருக்கறான். அவனைக் கண்டுபுடிக்கறேன்னு பியூஸை ஒவ்வொண்ணாப் புடுங்கிப் பூட்டாதே, தூங்கறவனையும் எழுப்பி உட்ருவ. பியூஸ் தலையில ரெண்டு புள்ளி தெரியும், அங்க மீட்டரை வெச்சு மில்லிவோல்ட்டு அள. எது காட்டுதோ அந்த வழியாத்தான் கரண்டு ஒழுகுது. இந்தப் பொறுமை உனக்கு இருக்குதான்னு தெரியல. நெல்லுக்குத் தண்ணி கட்டச் சொன்னாலே மடையைத் தெறந்துட்டுப் போன்ல பழமை பேசறவன் நீ.

அடுத்தது ஸ்கேனர். ஸ்டீயரிங்குக்குக் கீழ பதினாறு கால் ஓட்டை ஒண்ணு இருக்குதே, அதை 1996-ல அமெரிக்காவுல கட்டாயமாக்குனாங்க. நம்ம நாட்டுக்கு 2010, 2013-ன்னு ரெண்டு தவணையா வந்துச்சு. நீ அதுல மெசினைச் சொருகிப் பாத்ததும் பி0299-னு வந்துச்சு. டர்போ தள்ள வேண்டிய காத்தைத் தள்ளலைன்னு அர்த்தம். உடனே டர்போ விலை விசாரிச்சு, அமுச்சிகிட்டப் போயி நகையைப் பத்திப் பேச்செடுத்தயாமா. காத்து வரலைன்னுதான் அந்த நெம்பர் சொல்லுது. காத்தைத் திருடுனவன் யாருன்னு சொல்லல. டர்போவுல இருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து என்ஜினுக்கும் போற ரப்பர் ஓசுகளைத் தடவிப் பாரு. எங்கயாச்சும் ஆயில் பிசுக்கு ஒட்டிச்சுன்னா, அங்கதான் வெடிப்பு, இல்ல கிளாம்பு லூசு. ஓசு விலைக்கும் டர்போ விலைக்கும் நடுவுல உங்க அமுச்சியோட கழுத்துச் சங்கிலி தொங்குது. இன்னொண்ணு: நெம்பரை அழிக்கறதுக்கு முன்னாடி எழுதி வை. கோளாறு வந்த நேரத்துல என்ன வேகம், என்ன சூடு, என்ன ஆர்.பி.எம்.னு வண்டியே குறிச்சு வெச்சிருக்கும். நீ அழிக்கற பட்டனை அமுக்கி லைட்டை அணைச்சுட்டு, "ரெடி பண்ணிட்டேன்"னு ஊரைச் சுத்தி வந்த. சாட்சியைக் கொன்னுட்டுக் கேசை முடிச்ச போலீசு நீதான்.

இப்பப் பெரிய சமாச்சாரத்துக்கு வர்றேன், காத்துப் பை. 1970-ல ரேஞ்ச் ரோவர் வந்தப்ப அதுல வெறும் காயில் ஸ்பிரிங்குதான். 1992-லதான் அதே வண்டிக்கு ஸ்பிரிங்குக்குப் பதிலாக் காத்துப் பை வெச்சு ஏர் சஸ்பென்ஷன் போட்டாங்க. அப்பறம் பெரிய வீட்டு வண்டிகள் பலதுலயும் அந்தச் சொகுசு பரவிப்போச்சு. நம்ம திருவள்ளூர்ல இந்துஸ்தான் மோட்டார்ஸ் பூட்டி வித்த பஜேரோவைப் பாரு, 2.8 லிட்டர் டீசல், டைமிங் செயின், பையும் கெடையாது ஒண்ணும் கெடையாது. அதை வாங்கித் தொலைச்சிருக்கலாம்னு சொன்னா உனக்குக் கோவம் வரும், அதனால சொல்லல.

உன்ர வண்டி காலையில பாத்தா முன்னங்காலை மடக்கிட்டு நிக்குது. நீ கம்ப்ரஸர் செத்துப்போச்சுன்னு புதுசு வாங்கிப் பூட்டுன. அதுவும் கொஞ்ச நாள்ல மூச்சை உட்ருச்சு. பை எங்கயோ ஓட்டையாயி ராத்திரியெல்லாம் காத்து போகுது. காலையில கம்ப்ரஸர் எந்திரிச்சு அதை நெரப்பறதுக்குள்ள சூடாயி வெந்துபோகுது. அது கொஞ்ச நேரம் ஓடிட்டு ஓஞ்சு உக்காரத்தான் செஞ்சது. நாளெல்லாம் ஓட உட்டா ரிலேவும் உருகி ஒட்டிக்கும், அப்பறம் சாவியை எடுத்தாலும் ஓடிட்டே இருந்து பேட்டரியையும் தின்னுரும். மொதல்ல ஓட்டையை அடை, பொறவு கம்ப்ரஸரைத் தொடு, கூடவே ரிலேயையும் மாத்திரு.

ஓட்டையைக் கண்டுபுடிக்க மெசினெல்லாம் வேண்டாம். ராத்திரிக்கு வண்டியைக் களத்துல நிறுத்து, அங்க சிமெண்டுத் தளம் சமமா இருக்குது. டேப்பை எடுத்து நாலு மூலையிலயும் சக்கரத்து மையத்துல இருந்து மட்கார்டு ஓரம் வரைக்கும் அளந்து சுண்ணாம்புல எழுது. காலையில திரும்ப அள. ஒரு மூலை மட்டும் எறங்கியிருந்தா அந்தப் பை, இல்ல அதுக்குப் போற ட்யூபு. முன்னாடி ரெண்டுமோ பின்னாடி ரெண்டுமோ சோடியா எறங்கியிருந்தா வால்வு பிளாக் மேல சந்தேகம் வை. அப்பறம் சோப்புத் தண்ணியை ஸ்பிரேயர்ல அடி, நொரை எங்க பொங்குதோ அங்க சாக்பீஸ்ல குறி போடு. பையோட வெடிப்பு மடிப்புக்குள்ள ஒளிஞ்சுக்கும், வண்டி உசரமா நிக்கறப்பத்தான் தெரியும். ஒண்ணு மட்டும் கேட்டுக்க: காத்தை நம்பி வண்டிக்கு அடியில படுக்காதே. ஜாக்கியை நம்பியும் படுக்காதே. ஸ்டாண்டு வை. ட்யூபைக் கழட்டறதுக்கு முன்னாடி காத்தை முழுசா எறக்கு. உனக்கு இன்னும் பொண்ணு பாக்க வேண்டியிருக்குது.

ட்யூபு மட்டும் வெடிச்சிருந்தா நீ பொறந்த ஊருக்குப் பூசை போடு. பனியன் கம்பெனி மெசினுக்கெல்லாம் காத்து ஓட்டற நியூமேட்டிக் பிட்டிங்கு திருப்பூர்லயும் கோயமுத்தூர்லயும் கடை கடையா விக்குது. உன்ர வண்டி ட்யூபும் அதே 4 மில்லி, 6 மில்லி சைசுதான். ஆனா கடைக்காரர் எடுத்து நீட்டற மெத்து மெத்துன்னு இருக்கற பியூ ட்யூபை வாங்கிராதே, அது பத்து பாருக்குத்தான் தாங்கும். வண்டியோட காத்து டேங்குல 15 பார் வரைக்கும் போகும். நைலான் ட்யூபு கேளு, மேல எழுதியிருக்கற பாரைப் படிச்சுட்டுக் காசு குடு. கம்ப்ரஸரோட ஒட்டியிருக்கற டிரையருக்குள்ள இருக்கறதும் எக்ஸ்போர்ட்டு அட்டப்பெட்டியில போடற சிலிக்கா ஜெல்லு சாதிதான். ஈரத்தைக் குடிச்சுக் குடிச்சு நெறஞ்சுபோனா தண்ணி உள்ள போயி வால்வைக் கெடுக்கும். அதுக்காகப் பனியன் கம்பெனியில இருந்து பொட்டணத்தை அள்ளிட்டு வந்து கிழிச்சுக் கொட்டாதே. நீ கொட்டுவ, எனக்குத் தெரியும். பருமன் வேற, பொடியாயி உள்ள சிக்கிக்கும். அதுக்குன்னு விக்கற மணியை வாங்கு.

தோல் சீட்டுக்குக் கீழ ஈரம்னு சொன்னியே, அது மழை. தலைக்கு மேல கண்ணாடிக் கதவு இருக்குதில்ல, அதோட நாலு மூலையிலயும் தண்ணி வடியற ட்யூபு இருக்குது. தறிக்குடோன் பஞ்சும், பாலக்காட்டுக் கணவாயில இருந்து ஆடி மாசம் அடிக்கற காத்துல வர்ற புழுதியும் சேந்து அதுல அடைச்சுக்கும். தண்ணி கார்ப்பெட்டுக்கு அடியில போயி, அங்க குந்தியிருக்கற கம்ப்யூட்டர் பெட்டியை நனைச்சுரும். புல்லு வெட்டற மெசினோட நைலான் நரம்பை மெதுவா உட்டு எடு. கம்ப்ரஸர்க் காத்தை அடிச்சா உள்ளுக்குள்ள ட்யூபு கழண்டுக்கும், அப்பறம் கூரையையே எறக்கோணும். ஏர் பில்டரை நம்மூர்ல மேனுவல்ல சொன்னதைவிட முன்னாடியே தெறந்து பாரு. இன்டர்கூலருக்கு முன்னாடி பஞ்சு மெத்தை மாதிரி படிஞ்சிருக்கும். கோழிப்பண்ணைக்குப் பக்கத்துல நிறுத்தாதே, தீவனத்துக்கு வர்ற எலி ஒயரையும் ருசி பாக்கும். மயிலுக்கு என்ன பண்றதுன்னு எனக்கே வழி தெரியல. அது பளபளக்கற கதவுல தன்னையே பாத்து வேற மயிலுன்னு கொத்தி வெக்குது. வண்டியைக் கழுவாம உட்டுரு, அது ஒண்ணுதான் மருந்து. அந்த விசயத்துல நீ ஏற்கனவே கெட்டிக்காரன்.

கை வெக்கக் கூடாத எடமும் சொல்லிர்றேன். என்ஜின்ல டீசலைப் பங்கு போடற ரெயில் குழாயில இருந்து இன்ஜெக்டருக்குப் போற இரும்புக் குழாயைத் தொடாதே. டயருக்கு ரெண்டு பார் சொச்சம் அடிக்கறோம், அங்க 1,600 பார் ஓடுது. ஒழுகுதான்னு வெரலை வெச்சுப் பாத்தா தோலைக் கிழிச்சு டீசல் உள்ள போயிரும், வெரலையே எடுக்க வேண்டியும் வரும். ஏர்பேக்கோட மஞ்ச ஒயரையும் சீண்டாதே. ரேடியேட்டருக்கு நம்ம போர்த் தண்ணியை ஊத்தாதே, குடிக்கற டம்ளர்லயே உப்புப் படியுது, உள்ள என்ன ஆகும்? டிஸ்டில்டு வாட்டரும், கம்பெனி சொன்ன கூலண்டும் போதும். கலர் புடிச்சிருக்குதுன்னு ரெண்டைக் கலக்காதே.

பார்ட்டுக்கு உக்கடம் போ, கெடைக்கலைன்னா மெட்ராசுல புதுப்பேட்டை. பழைய பார்ட்டைக் கையில எடுத்துட்டுப் போயி நெம்பரோட நெம்பர் வெச்சுப் பாரு, "எல்லாம் ஒண்ணுதாண்ணா"ன்னு சொல்றவன்கிட்ட டீ மட்டும் குடிச்சுட்டு வந்துரு. புஷ்ஷு அழுத்தறது, போல்ட்டு ஒடஞ்சு உள்ள நின்னா எடுக்கறது இதெல்லாம் லேத்துக்காரர் வேலை. சுத்தியலை எடுத்து நீ போடற சத்தத்துல பக்கத்துத் தோட்டத்து மாடு கறவை மறக்குதாமா.

கடைசியா ஒண்ணு. ஸ்கேனர் வெச்சிருக்கறது ஊருக்குத் தெரியவேண்டாம். தெரிஞ்சா கோழிக் கம்பெனி சூப்பர்வைசர்ல இருந்து கோயில் தர்மகர்த்தா வரைக்கும் வண்டியை ஓட்டிட்டு வந்து வாசல்ல நிப்பாங்க, நெம்பர் என்னன்னு மட்டும் பாத்துச் சொல்லுன்னு. சொன்னா ரெடி பண்ணிக் குடும்பாங்க. குடுத்தா அடுத்த கோளாறுக்கும் உன்னைத்தான் திட்டுவாங்க. ரிப்பேருக்குக் குடுத்திருக்குதுன்னு சொல்லிரு. என்ர பேரன் வந்து கேட்டா மட்டும் குடு. அவன் காருலயும் முந்தாநேத்துல இருந்து மஞ்ச லைட்டு எரியுது, எங்கிட்டச் சொல்லாம ஓட்டிட்டிருக்கறான்.