விளக்கு அணைஞ்சிருந்தா பெல்ட் புதுசா மாப்ள?

வா மாப்ள, உக்காரு. செகண்ட்ஹேண்டுல பழைய டீசல் இன்னோவா பிடிச்சுட்டியாமே! கல்யாணம் காதுகுத்துக்கு ஊரே ஏறிக்கலாம், வண்டி நல்ல வண்டிதான். டைமிங் பெல்ட் எப்ப மாத்துனதுன்னு கேட்டா மட்டும், "சத்தமே வரலையே மாமா"ங்குற. கோவம் வந்தா முன்கூட்டியே பாத்திரத்தை உருட்டிக் காட்ட அது என்ன உங்க அத்தையா?

காலையில ஸ்டார்ட் பண்ணுனதும் கீச்சுன்னு கத்துறது வெளிய ஓடுற ஃபேன் பெல்ட்டு. டைமிங் பெல்ட்டு கவருக்குள்ள கமுக்கமா கெடக்கும். அதோட வேலை, பிஸ்டனை ஆட்டுற கிராங்க் ரெண்டு சுத்து வந்தா வால்வைத் திறக்குற கேம் ஒரு சுத்து வரணும். அந்தக் கணக்கு ஒரு பல்லு பிசகாம இருக்குற வரைக்கும் வால்வும் பிஸ்டனும் ஒண்ணையொண்ணு தொடாது. பெல்ட் அறுந்தா கேம் அப்படியே நின்னுரும். மேல ஏறி வர்ற பிஸ்டன் திறந்து கெடக்குற வால்வை இடிச்சு வளைச்சுரும். அப்புறம் ஹெட்டைக் கழட்டணும். நீ பெல்ட்டுல மிச்சம் பிடிச்ச காசை மெக்கானிக் பத்திரமா வாங்கி வச்சுக்குவான், கவலைப்படாத.

"டி-பெல்ட் விளக்கு எரியலையே"ங்குற. அடப்பாவி, அந்த விளக்கு ஒரு நாளும் பெல்ட்டைப் பாத்ததில்ல! ஓடுன கிலோமீட்டரை எண்ணி எரியும், அவ்வளவுதான். பெல்ட் மாத்துனா அதை ரீசெட் பண்ணுவாங்க. மாத்தாமலும் பண்ணலாம். வித்தவருக்கு அது தெரியாதுன்னா நெனைக்கிற? மீட்டர்ல 78,000 இருக்கு, கிளட்ச் பெடல் ரப்பர் என் தலை மாதிரி வழவழன்னு இருக்கு. எதை நம்பப் போற?

இன்னோவா கிரிஸ்டாக்காரன் மாத்தவே இல்லையேன்னு அவனோட சேராத. நம்ம ஊருக்கு 2016ல வந்த அந்த வண்டியோட டீசல் எஞ்சின்ல இருக்கறது செயின்.

வண்டிப் புத்தகத்துல கிலோமீட்டர் கணக்கு போட்டிருப்பான், பல வண்டிக்கு வருஷக் கணக்கும் இருக்கும். எது முந்துதோ அதுதான் கெடு. செட்டுல சும்மா நின்னாலும் ரப்பருக்கு வயசாகும். நடுவுல ஆயில் சீல் ஒழுகி பெல்ட் நனைஞ்சிருந்தா புத்தகத்தை மூடி வச்சுட்டு உடனே மாத்து. கவரைக் கழட்டிப் பாத்தா விரிசல், தேஞ்ச பல்லு, ஓரத்துல பிரிஞ்ச நாரு தெரியலாம். ஒண்ணும் தெரியலைன்னு குதிக்காத. இப்ப வர்ற ரப்பர் பளிச்சுன்னு இருந்துக்கிட்டே பொட்டுன்னு போயிரும்.

மாத்தும்போது பெல்ட் மட்டும் போதும்னு கஞ்சத்தனம் பண்ணுவ, உன் வம்சம் எனக்குத் தெரியாதா? டென்ஷனர், ஐட்லர் பேரிங் எல்லாம் சேத்து மாத்து. பழைய பேரிங் இறுகுனா புது பெல்ட்டையும் அறுத்துரும். கழட்டுன பெல்ட்டைக் கையில வாங்கிக்கோ; தேதி, கிலோமீட்டர் எழுதி கவர் மேல ஒட்டச் சொல்லு.

முதல்ல வித்தவருக்கு போன் போட்டு பெல்ட் மாத்துன பில்லைக் கேளு. "எங்கயோ வச்சிருந்தேன்"னு இழுத்தாருன்னா மாத்தவே இல்லைன்னு வச்சுக்கோ. இல்ல மாமா, சத்தம் வரட்டும்னு இருந்தாலும் சந்தோஷம்தான். டிக்கியில நல்ல கயிறு ஒண்ணு போட்டு வை. இழுக்க என் டிராக்டர் இருக்கு. மருமகன்ங்கறதுக்காக வாடகை கேக்க மாட்டேன், டீசலும் டிரைவர் பேட்டாவும் மட்டும் குடுத்துரு. டிரைவர் நான்தான்.