மூன்று சாரி: பெங்களூரு ஏலத்தில் பழைய குவார்ட்ஸ் கடிகாரம் வாங்குதல் குறித்த ஒரு முன்னாய்வின் முகவுரை

கருதுகோள்: ஏலத்தில் கடிகாரம் எடுப்பவன் மணி பார்ப்பதற்காக எடுப்பதில்லை. (காண்க: என் மனைவி, வாய்மொழி வழக்காறு, மாலைக் காப்பி, இரண்டாம் டம்ளர்.)

முந்தைய ஆய்வுகள்: இல்லை, ஆகவே மறுக்க ஆளில்லை.

வரலாறு: 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கைகொடுக்க, பெங்களூரில் ஹெச்.எம்.டி. கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. அது சாவி கொடுத்த காலம். 1969 கிறிஸ்துமஸ் அன்று டோக்கியோவில் வந்த சைக்கோ ஆஸ்ட்ரான்தான் கடைக்கு வந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம். 4,50,000 யென், ஏறக்குறைய ஒரு காரின் விலை. 1987இல் ஓசூர் டைட்டன் சந்தைக்கு வந்ததும் குவார்ட்ஸ் கல்யாண மாப்பிள்ளை கைக்கே வந்துவிட்டது.

சொல்லாய்வு: ‘ஏலம்’ போர்த்துக்கீசியச் சொல் என்பார் அகராதிக்காரர். ஏற்பதற்கில்லை. போடிநாயக்கனூரில் ஏலம் இன்றும் ஏலத்தில்தான் விற்கிறது; ஆகவே ஏலத்திலிருந்தே ஏலம் பிறந்தது. இதைவிட நோஞ்சான் சான்றை வைத்து உலக மொழிகளுக்கெல்லாம் தாய் கண்டவர்கள் பொன்னாடையோடு உலவுகிறார்கள். எனக்கு ஒரு துண்டாவது போர்த்தலாம்.

தமிழ் ஏலக்காரர் ‘ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்’ என்பார். பொருளின் தரம் பற்றி ஒரு தரமும் வாய் திறக்கமாட்டார். கன்னட ஹராஜில் ‘ஒந்து சாரி, எரடு சாரி, மூரு சாரி’. சாரி என்றால் தடவை. என் காதிலோ மன்னிப்பாகவே விழுந்தது: முதல் சாரி கண்ணாடிக் கீறலுக்கு, இரண்டாவது மாற்றிய வாருக்கு, மூன்றாவது எதற்கென்று பிறகு தெரிந்தது. பாடபேதமும் உண்டு. ஏலக்காரர் சொன்னது ‘சாரி’ அல்ல, ‘சல’ என்று பின்வரிசைப் பெரியவர் சாதிக்கிறார் (காண்க: லிஃப்ட் உரையாடல், தரைத்தளம் முதல் இரண்டாம் மாடிவரை, அங்கே கரண்ட் போனதால் மூலப்பிரதி சிதைந்துள்ளது, எஞ்சிய பகுதி இருட்டில் கேட்கப்பட்டது, அதிலும் பாதி இருமல்).

களஆய்வு: குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிரும். என் கை ஒரே தடவைதான் உயர்ந்தது, அதுவும் கட்டியிருந்த ஹெச்.எம்.டி.யில் மணி பார்க்க. ஏலக்காரர் சுத்தியலைத் தட்டிவிட்டார். கருதுகோள் அடிவாங்கியது இங்கேதான்.

முடிவு: சிவாஜிநகர் மெக்கானிக் பின்மூடியைத் திறந்தார். “செல்லு ஒழுகி சர்க்யூட்டே போச்சு சார். இதுக்கு பார்ட்ஸ் எங்கயும் கிடைக்காது.”

சற்று நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சாரி சார்” என்றார். இந்த நான்காம் சாரி எந்தப் பிரதியிலும் இல்லை.