லோடு கணக்கு

சேத்தியாத்தோப்பு கடைத்தெருவில் ஒரு சிமெண்ட் கடை. ‘முழு லோடா எடுங்கண்ணே, லாரி வாடகை மிச்சம்’ என்றார் கம்பெனி ஆள். மிச்சம்தான். குடோன் வாடகை, வட்டி, சுமைகூலியெல்லாம் அவர் பில்லில் வராது. ஐப்பசி அடைமழையில் கட்டட வேலை படுத்துக்கொண்டது. அடி வரிசை மூட்டைகள் ஈரம் குடித்து, சுத்தியலால் தட்டினாலும் உதிராத கல்லாகக் கிடக்கின்றன.

ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கர் 1913-லேயே சூத்திரம் எழுதிவிட்டார்: விற்பனை 4 மடங்கானால், ஒரு தடவை வாங்கும் அளவு 2 மடங்கானால் போதும். இங்கே விற்பனை அசையாது. கொள்முதல் மட்டும் 4 மடங்காகும். டார்கெட் முடித்தால் தாய்லாந்து டூராம்!

ஹாரிஸ் ஒன்றும் கறாரானவர் இல்லை. சரியான அளவுக்கு 2 மடங்கு வாங்கினால், ஆர்டர் செலவும் இருப்புச் செலவும் சேர்ந்து 25 சதவீதம்தான் கூடும். 4 மடங்கு வாங்கினால் இரட்டிப்புக்கும் மேல். டூர் டிக்கெட்டை அதில் கழித்துப் பார்க்க கடைக்காரருக்கு மனசு வரவில்லை.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மூட்டையில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். 3 மாதம் தாண்டிய சிமெண்டைச் சோதிக்காமல் குழைக்காதீர்கள்.